ஆணையத்தின் ஒன்பது மணி

நொடிக்காரர் பல் செட் செய்கிறவர். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்து, மெழுகில் ஈறு கட்டி, பல் பதித்து, வேகவைத்து, மெருகேற்றித் திருப்பி அனுப்புவார். யாரைச் சந்தித்தாலும் முதலில் வாயைத்தான் பார்ப்பார். அது தொழில். வீட்டுக்கு வந்தால் கடிகாரத்தைப் பார்ப்பார். அது பொழுதுபோக்கு. நொடிக்காரர் என்பது உடன் வேலை பார்க்கிறவர்கள் வைத்த பெயர். கோபம் வந்தால் அவர் மனைவி மட்டும் முள்ளுக்காரர் என்பார்.

வீட்டின் பின்னறையில் ஜன்னலை அடைத்து, சூடு ஏறி இறங்காதபடி உள்ளே தெர்மோகோல் ஒட்டிய மரப்பெட்டி ஒன்று வைத்திருந்தார். அதற்குள் செங்கல் அளவில் ஓர் அணுக் கடிகாரம். ஏதோ ஒரு செல்போன் கோபுரத்திலிருந்து கழற்றிப் போடப்பட்டு, பழைய சாமான் கடையில் அவர் கண்ணில் பட்டது. மொட்டை மாடியில் ஓர் ஆன்டெனா, செயற்கைக்கோள்களிடமிருந்து நேரம் வாங்குவதற்கு. இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று எவ்வளவு விலகுகின்றன என்று ஒரு கம்ப்யூட்டர் நாள் முழுக்கக் கோடு வரைந்துகொண்டிருக்கும். மற்றவர்கள் சீரியல் பார்க்கும் நேரத்தில் அவர் அந்தக் கோட்டைப் பார்ப்பார்.

"இதுல என்னதான் தெரியுது?" என்று மச்சினன் ஒருமுறை கேட்டுவிட்டார்.

"எந்தக் கடிகாரமும் சரி கிடையாது மாப்பிள்ளை. எவ்வளவு தூரத்துக்குச் சரி கிடையாதுன்னு தெரிஞ்சுக்கறதுதான் விஷயமே."

"அப்ப சரியான மணி என்ன?"

"அதை யாராலயும் சொல்ல முடியாது. இதுக்கும் இதுக்கும் நடுவுல எங்கயோ இருக்குன்னு வேணா சொல்லலாம்."

மச்சினன் டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

மனைவி பிரசவ வார்டில் நர்ஸ். தலைமை நர்ஸ் ஆவதற்கான தேர்வை அந்த வருடம் எழுதாவிட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். முந்திய இரண்டு தடவையும் எழுத முடியவில்லை: ஒரு தடவை மாமியாருக்கு ஆபரேஷன், ஒரு தடவை மகளுக்கு அம்மை. இந்த முறை எட்டு மாதம் படித்தார். சமையலறை அலமாரிக் கதவில் மருந்து அளவுகளை எழுதி ஒட்டிவைத்து, குழம்பு கொதிக்கும்போது வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருப்பார்.

தேர்வு ஒரு விடுமுறை நாளில் வந்தது. முந்தின இரவு டியூட்டி. விடியற்காலையில் ஒரு பெண்ணுக்குப் பிரசவம் சிக்கலாகி, குழந்தை அழும்வரை இவரால் நகர முடியவில்லை. நொடிக்காரர் ஆஸ்பத்திரி வாசலில் ஸ்கூட்டரோடு காத்திருந்தார். பத்து மணிக்குத் தேர்வுக்கூடத்தின் கேட்டைச் சாத்துவார்கள். ஒன்பது ஐம்பத்தேழுக்குப் போய் நின்றார்கள். கேட் சாத்தியிருந்தது.

"இன்னும் மூணு நிமிஷம் இருக்கேங்க," என்றார் நொடிக்காரர், கையை நீட்டி. வாட்ச் அன்று காலையில்தான் மரப்பெட்டியிடம் நேரம் கேட்டுக்கொண்டு வந்திருந்தது.

காவலாளி வாட்சைப் பார்க்கவில்லை. தலைக்கு மேல் சுவரைக் காட்டினார். அங்கே ஒரு வட்டக் கடிகாரம். பத்து ஒன்று. கீழே நீல முத்திரை: நேர நிர்ணய ஆணையத்தால் அங்கீகரிக்கப்பட்டது.

"அது நாலு நிமிஷம் ஃபாஸ்ட்டா ஓடுதுங்க."

"உங்க வாட்ச் எவ்வளவு ஒசத்தியா வேணா இருக்கட்டும் சார். சீல் இருக்கா?"

சீல் இல்லை. உள்ளே பெண்கள் இருக்கை எண் தேடிக்கொண்டிருந்தது கம்பிகளின் வழியே தெரிந்தது. வினாத்தாளைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. மனைவி கெஞ்சிப் பார்த்தார். பிறகு நிறுத்திக்கொண்டார். கையில் வைத்திருந்த பேனாக்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார்.

"வீட்டுல அத்தனை கடிகாரம்," என்றார். "எனக்கு ஒரு நாலு நிமிஷம் இல்ல."

நொடிக்காரர் மறுநாளே ஆணையத்துக்கு மனு எழுதினார். அதுவரை அவருக்கு ஆணையத்தின்மேல் பெரிய மரியாதை இருந்தது. ஊருக்கே நேரம் கொடுக்கிறவர்கள், தன்னைவிட ஆயிரம் மடங்கு கவனமாக இருப்பார்கள் என்று நினைத்திருந்தார். நாலு நிமிடப் பிழை என்று தெரிந்தால் பதறிப்போய்விடுவார்கள் என்று, சங்கடப்படுத்தாத வார்த்தைகளாகத் தேடித் தேடி எழுதினார்.

மூன்று மாதம் கழித்துப் பத்தரைக்கு வரச்சொன்னார்கள்.

ஆணையம் மூன்று மாடிக் கட்டடம். வரவேற்பில் இருந்த அம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்து, "எந்த மாடிப் பத்தரை?" என்றார்.

"புரியலைங்க."

"கீழ பத்தரை ஆயிடுச்சு. ரெண்டாவது மாடியில இன்னும் கால் மணி நேரம் இருக்கு. மூணாவதுல பத்துதான் ஆகுது. உங்களுக்கு யாரைப் பாக்கணும்?"

விஷயம் இதுதான். தரைத்தளத்தில் தாய்க் கடிகாரம் இருக்கிறது. காலையில் அதில் ஒன்பது அடித்ததும் ஓர் ஊழியர் கிளம்பி, மாடி மாடியாகப் போய் எல்லாக் கடிகாரங்களையும் ஒன்பதில் வைக்க வேண்டும். ஒன்பதில் வைக்கத்தான் உத்தரவு. படி ஏறுகிற நேரத்தையும், வழியில் நின்று நலம் விசாரிக்கிற நேரத்தையும் சேர்த்துக்கொள்ளும்படி உத்தரவு இல்லை. அவரும் எல்லாரிடமும் அன்பாகப் பழகுகிறவர். அதனால் மூன்றாவது மாடிக்கு ஒன்பது மணி அரை மணி நேரம் பிந்தித்தான் போய்ச் சேரும். ஊழியர்கள் காலையில் மூன்றாவது மாடியில் வருகைப் பதிவு செய்துவிட்டு, மாலையில் தரைத்தளத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள்.

"தப்பா தெரியலையா இது?" என்று கேட்டார் நொடிக்காரர்.

"எதுக்குங்க தப்பு? ஒவ்வொரு மாடியும் அதோட நேரத்துக்குக் கரெக்டா நடக்குது," என்றார் அந்த அம்மாள்.

துணை இயக்குநர் இரண்டாவது மாடியில் இருந்தார். மேல் வரிசையில் முன்பற்கள் இரண்டுக்கும் உறை போட்டிருந்தார். மற்றப் பற்களைவிட ஒரு படி கூடுதல் வெள்ளை. அவசரத்தில் நிறம் பொருத்தியிருக்கிறார்கள் என்று நொடிக்காரருக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் முதல் கேள்வி காதில் விழவில்லை.

"உங்க கடிகாரம் சரியான்னு கேட்டேன்."

"முழுக்கச் சரின்னு எந்தக் கடிகாரத்தையும் சொல்ல முடியாதுங்க. என்னோடது ஒரு நொடியில பத்து லட்சத்துல ஒரு பங்கு முன்னப் பின்ன இருக்கலாம்."

"இருக்கலாம்?"

"ஆமாங்க. அதைவிடக் கம்மியாத்தான் இருக்கும். இருந்தாலும் சொல்றதை ஜாக்கிரதையாச் சொல்லணும் இல்லையா."

துணை இயக்குநர் பக்கத்தில் இருந்த எழுத்தரைப் பார்த்தார். "எழுதிக்கோங்க. தன் கடிகாரத்தில் பிழை இருக்கலாம் என மனுதாரர் தாமாகவே ஒப்புக்கொள்கிறார்."

"ஐயோ, அது நொடியில பத்து லட்சத்துல..."

"பிழைன்னா பிழைதானே? சின்னப் பொய், பெரிய பொய்னு இருக்கா?"

நொடிக்காரர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "சரிங்க. உங்க கடிகாரத்துல எவ்வளவு பிழை இருக்கும்?"

"கிடையாது."

"எவ்வளவு கம்மின்னு..."

"கிடையவே கிடையாது. ஆணையம் ஆரம்பிச்ச நாள்ல இருந்து இன்னிக்கு வரைக்கும் ஒரு பிழைகூடப் பதிவானதில்ல."

"யாராவது அளந்து பாத்திருக்காங்களா?"

துணை இயக்குநர் முன்பற்கள் தெரியப் புன்னகைத்தார். "நீங்க படிச்சவர் மாதிரி இருக்கீங்க. அளக்கப் போனதாலதானே உங்க கடிகாரத்துல பிழை வந்துச்சு? அந்தத் தப்பை நாங்க செய்யறதில்ல."

எழுத்தர் இதையும் எழுதிக்கொண்டார். பிறகு, மனுதாரர் தம் கடிகாரத்தை நேரில் கொண்டுவந்து தாய்க் கடிகாரத்தோடு ஒப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று உத்தரவாயிற்று.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார். "அவங்க கேட்டா 'என்னோடது கரெக்ட்'னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வர வேண்டியதுதானே?"

"அது உண்மை இல்லையேம்மா."

"எனக்கு வேண்டியது உண்மை இல்லைங்க. தேர்வு."

நொடிக்காரர் எதிரில் உட்கார்ந்து ஒரு துண்டை எடுத்து மடித்தார்.

ஒப்பிடும் நாளில் டாக்ஸி வைத்துப் போனார்கள். அணுக் கடிகாரம் பேட்டரியோடு பிணைக்கப்பட்டு, தலையணைமேல் மனைவியின் மடியில் உட்கார்ந்து வந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் நொடிக்காரர் "பாத்து, பாத்து" என்றார். "பிரசவத்துக்கு நான் போனப்பகூட டிரைவர்கிட்ட இவ்வளவு சொல்லல நீங்க," என்றார் மனைவி.

வாசலில் பாதுகாவலர் மறித்தார். மின்கருவி எதுவானாலும் அணைத்துவிட்டுத்தான் உள்ளே எடுத்துப்போக வேண்டும்.

"இதை அணைச்சா நேரம் போயிடுங்க."

"எங்க போகும்?" என்றார் பாதுகாவலர். கிண்டலில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். துணை இயக்குநரே இறங்கி வந்து அனுமதித்தார், ஒரு நிபந்தனையோடு: அங்கீகாரமில்லாத நேரம் வளாகத்துக்குள் யார் கண்ணிலும் படக்கூடாது. மனைவி தன் துப்பட்டாவை எடுத்துக் கடிகாரத்தை மூடினார்.

தாய்க் கடிகாரம் கண்ணாடிக் கூண்டுக்குள் ஆளுயரத்துக்கு நின்றது. கூண்டின் கதவு திறந்திருந்தது. வெள்ளைக் கையுறை போட்ட காப்பாளர் ஒருவர் பெரிய முள்ளின்மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு, வாசலையே பார்த்தபடி அசையாமல் நின்றார். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நொடிக்காரர் துப்பட்டாவின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். ஒன்பது ஆகிவிட்டது. ஒன்பது இரண்டு. ஒன்பது ஐந்து.

வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம். இயக்குநர் உள்ளே காலெடுத்து வைத்தார். காப்பாளர் முள்ளைத் தள்ளி ஒன்பதில் நிறுத்தினார். மணி அடித்தது. எல்லாரும் கை தட்டினார்கள். மாடிகளுக்கு நேரம் கொண்டுபோகிற ஊழியர் படியேறக் கிளம்பினார். ஒருவர் தொலைபேசியை எடுத்து, ஊர் முழுக்க உள்ள அலுவலகங்களுக்கு ஒன்பது என்று அறிவிக்க ஆரம்பித்தார்.

நொடிக்காரர் துப்பட்டாவை இழுத்து மூடினார். "சார் வந்தா ஒன்பதா?"

"இயக்குநர் ஒன்பது மணிக்கு வருவார் என்பது விதி," என்றார் துணை இயக்குநர். "விதியை மீற அவருக்கு உரிமை கிடையாது."

இயக்குநர் பெரிய உருவம். முழுப் பல் செட். கீழ்வரிசை லேசாக ஆடியது. "நான் பதவிக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு," என்றார் நொடிக்காரரின் தோளில் கை வைத்து. "ஒரு நாள்கூட நான் லேட்டா வந்ததில்ல. சீக்கிரமும் வந்ததில்ல. இந்த ஊர்ல வேற யாராவது அப்படிச் சொல்ல முடியுமா?"

முடியாதுதான்.

ஒப்பீடு நடந்தது. தாய்க் கடிகாரத்தைவிட மனுதாரர் கடிகாரம் ஆறு நிமிடம் முந்தி ஓடுகிறது. துணை இயக்குநருக்கு முகம் மலர்ந்தது. "தேர்வு அன்னிக்கு எங்க கடிகாரம் உங்களுதைவிட நாலு நிமிஷம் ஃபாஸ்ட்னு எழுதியிருக்கீங்க. இன்னிக்கு உங்களுது ஆறு நிமிஷம் ஃபாஸ்ட். ஆக மொத்தம் பத்து நிமிஷம் ஆடியிருக்கு. எங்களோடது அன்னிக்கும் ஒன்பது, இன்னிக்கும் ஒன்பது. எது நிலையான கடிகாரம்?"

இவர்களுக்குப் புரிய வைக்க வேண்டுமென்றால் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று நொடிக்காரர் யோசித்தார். சூரியனிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும் போலத் தோன்றியது.

மனைவிதான் பேசினார். "சார், தேர்வு அன்னிக்கு நீங்க எப்படி வந்தீங்க?"

"எப்பவும் போலத்தாம்மா. அன்னிக்கு லீவு நாள் இல்லையா, ரோடு காலி. டிரைவர் பறந்துகிட்டு வந்துட்டான்."

"எவ்வளவு சீக்கிரம் வந்திருப்பீங்க?"

"ஒரு நாலு நிமிஷம் இருக்கும்." சொல்லிவிட்டு இயக்குநர் நின்றார். காப்பாளர் கையுறையைப் பார்த்தார்.

முடிந்தது, ஜெயித்துவிட்டோம் என்று நொடிக்காரர் நினைத்தார். இயக்குநர் மெதுவாகத் தலையாட்டினார்.

"புரியுது. நான் சீக்கிரம் வந்ததால, அன்னிக்கு ஊருக்கே நாலு நிமிஷம் முன்கூட்டியே வழங்கப்பட்டிருக்கு. எல்லாரும் வாங்கிக்கிட்டாங்க. இந்த அம்மாவுக்கு மட்டும் போய்ச் சேரல. விநியோகத்துல குறை." துணை இயக்குநர் பக்கம் திரும்பினார். "ஆணையம் யாரோட நேரத்தையும் வச்சுக்கிட்டதில்ல. இவங்க நாலு நிமிஷத்தைத் திருப்பிக் கொடுத்துடுங்க."

அப்படியே உத்தரவு வந்தது. மனுதாரரின் மனைவி இழந்த நான்கு நிமிடங்கள், அதே தேர்வுக்கூடத்தில், அதே வினாத்தாளோடு, ஒரே தவணையில் திருப்பித் தரப்படும்.

"மூணு மணி நேரப் பேப்பர்," என்றார் மனைவி. "நாலு நிமிஷத்துல என்னங்க எழுதறது?"

"போகாம இருந்துடலாமா?"

மனைவி அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த மருந்து அளவுகளைப் பார்த்தார். "கொள்ளி வைக்க! ஒரு கேள்விக்காவது பதில் எழுதிட்டு வரேன். எட்டு மாசம் படிச்சிருக்கேன்."

நாலு நிமிடம் திருப்பித் தரும் நாளில், வாசலில் இரண்டு பேருடைய வாட்சையும் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். கூடத்தில் முந்நூறு மேசைகள். மனைவி நடுவில் ஒரு மேசையில். சுற்றிலும் கண்காணிப்பாளர், துணை இயக்குநர், எழுத்தர், ஒரு போட்டோகிராபர். நொடிக்காரரைக் கடைசி வரிசைக்குப் பின்னால் நிற்க வைத்தார்கள். தொடங்குவதற்கு முன் இயக்குநர் பேசினார்.

"இது ஒரு வரலாற்று நாள். போன நேரம் திரும்பாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. ஆணையம் திருப்பித் தந்திருக்கு. நாலு நிமிஷம்னா சாதாரணமா? அதை மதிக்கத் தெரிஞ்சவங்களுக்குத்தான் அதோட அருமை தெரியும்..."

நாலு நிமிடத்தின் அருமையைப் பற்றி அரை மணி நேரத்துக்குமேல் பேசினார். மின்விசிறி ஓடவில்லை. இயக்குநருக்கு நெற்றி வியர்த்து, சட்டைக் காலர் நனைந்தது. மணி அடித்தது. மனைவி வினாத்தாளைப் பிரித்து, வேகவேகமாகத் தேர்வு எண்ணை எழுதி முதல் கேள்வியைப் படித்தார். பேனா தாளைத் தொட்டதும் பின்னால் நாற்காலி சரிந்தது.

இயக்குநர் தரையில் உட்கார்ந்திருந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. துணை இயக்குநர் விசிறுவதற்கு ஏதாவது தேடி, உத்தரவின் நகலை எடுத்து விசிறினார்.

மனைவி ஒரு கணம் விடைத்தாளைப் பார்த்தார். பேனாவை மூடிவைத்துவிட்டு எழுந்து ஓடினார்.

"நெஞ்சு வலிக்குதா சார்? கை மரத்துப் போகுதா? வாயைத் திறங்க." பல் செட்டைக் கழற்றி, ஓடிவந்த நொடிக்காரர் கையில் கொடுத்தார். இயக்குநரைச் சாய்த்துப் படுக்கவைத்துக் காலரைத் தளர்த்தினார். "யாராவது ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுங்க!" மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். துடிப்பு தாறுமாறாக ஓடியது. "இதை ஒரு நிமிஷம் முழுசா எண்ணணும். நொடி முள் இருக்கற கடிகாரம் ஒண்ணு கொடுங்க."

எல்லாரும் சுவரைப் பார்த்தார்கள். நீல முத்திரைக் கடிகாரத்தில் நொடி முள் இல்லை.

"நொடி முள் இருந்தா மக்கள் கேள்வி கேக்கறாங்கன்னு எடுத்துட்டோம்," என்றார் துணை இயக்குநர்.

பல்லில்லாத வாயால் இயக்குநர் ஏதோ சொன்னார். பொக்கை வாய்ப் பேச்சைக் கேட்டுப் பழகிய நொடிக்காரருக்கு மட்டும்தான் அது புரிந்தது. "என் வாட்சைக் கேக்கறார்."

"அதுக்கு அங்கீகாரம் இல்லையே சார்," என்றார் துணை இயக்குநர்.

இயக்குநர் இன்னும் ஒன்று சொன்னார். நொடிக்காரர் அதை மொழிபெயர்க்கவில்லை. துணை இயக்குநருக்கே புரிந்துவிட்டது. ஓடிப்போய் வாட்சை வாங்கி வந்தார்.

மனைவி எண்ணினார். நொடிக்காரர் பக்கத்தில் மண்டியிட்டு வாட்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். எத்தனையோ வருடமாக அவர் நொடிகளைப் பார்த்திருக்கிறார். அவை இவ்வளவு நீளமானவை என்று அன்றைக்குத்தான் பட்டது. நடுவில் அவர் தலையைத் தூக்கி, "இவளோட நாலு நிமிஷம் ஓடுது. நிறுத்தி வைங்க!" என்று கத்தினார்.

"நேரத்தை நிறுத்தற அதிகாரம் இயக்குநருக்கு மட்டும்தான்," என்றார் துணை இயக்குநர்.

"அவர்தான் இங்கயே இருக்காரே!"

"படுத்த நிலையில் பிறப்பிக்கிற உத்தரவு செல்லாதுங்க."

"பேசாம இருங்க ரெண்டு பேரும்," என்றார் மனைவி. "எண்ணிக்கிட்டு இருக்கேன்."

ஆம்புலன்ஸ் வந்தபோது துடிப்பு எவ்வளவு, எத்தனை முறை தப்பியது என்று அவர்களிடம் ஒரே மூச்சில் ஒப்பித்தார். ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள். நொடிக்காரர் பின்னாலேயே ஓடிப் பல் செட்டைக் கொடுத்துவிட்டு வந்தார். திரும்பி வந்தபோது கண்காணிப்பாளர் விடைத்தாளை வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

இயக்குநர் பிழைத்துக்கொண்டார். அவர் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் ஆணையத்தில் ஒன்பது மணி ஆகவில்லை. காப்பாளர் விரலை எடுக்காமல் நின்றார் என்றும், ஊழியர்கள் யாரும் தாமதமாக வந்ததாகக் கணக்காகவில்லை என்றும் கேள்வி.

அடுத்த மாதம் ஆணையத்திலிருந்து ஒரே நாளில் இரண்டு உறைகள் வந்தன. மனைவி டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்ததால் நொடிக்காரர் பிரித்தார். முதலாவது: தேர்வு நேரத்தில் அனுமதியின்றி இருக்கையை விட்டு எழுந்ததால் தங்கள் விடைத்தாள் செல்லாததாக்கப்படுகிறது. இரண்டாவது, தங்க ஓரம் போட்ட தடித்த அட்டை: உரிய நேரத்தில் வந்து இயக்குநரின் உயிரைக் காத்தமைக்காக இந்தப் பாராட்டுப் பத்திரம் வழங்கப்படுகிறது. இரண்டிலும் இயக்குநரின் கையெழுத்து. இரண்டிலும் நீல முத்திரை.

நொடிக்காரர் கத்திவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படிக் கத்தியதில்லை. "நீ உரிய நேரத்துல வந்தேன்னு அவங்களே எழுதிக் கொடுத்திருக்காங்க! சீல் இருக்கு! இதை வச்சே மேல்முறையீடு போடறேன். மேல எவன் இருந்தாலும் சரி, விடப்போறதில்ல."

மனைவி கண்ணாடி முன்னால் நின்று தொப்பிக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தார். குத்தி முடித்து, அட்டையை வாங்கி ஒருமுறை படித்தார். மேசைமேல் வைத்தார்.

"ஸ்கூட்டரை எடுங்க," என்றார்.

"நான் என்ன சொல்லிட்டிருக்கேன், நீ என்ன..."

"இன்னிக்குப் புது ஹெட் நர்ஸ் வர்றா. ஒரு காலத்துல என்கிட்ட ஊசி போடக் கத்துக்கிட்ட பொண்ணு, அந்தத் தேர்வுல பாஸாகியிருக்கா." பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "முதல் நாளே நான் லேட்டாப் போய் நின்னா நல்லா இருக்காது."